சாராதவைன்னு வச்சுக்குவோம்

இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு. காரணம், இந்த செமஸ்டர் எனக்கு டி.ஏ. வேலை. நிகழ்தகவும் எந்திரக் கற்றலும்தான் பாடம். பேராசிரியர் நடத்துவார், வாரத்துக்கு ஒரு நாள் கணக்குப் போட்டுக் காட்டுறது என் பொறுப்பு.

போன வாரம் வழக்கம்போல போர்டுல முதல் வரி எழுதினேன்: "இந்தத் தரவுகள் ஒன்னையொன்னு சாராதவைன்னு வச்சுக்குவோம்." கடைசி வரிசையில ஒரு பொண்ணு கையைத் தூக்கிச்சு. "ஏன் அப்படி வச்சுக்கணும்?"

"இல்லைன்னா கணக்கு சிக்கலாயிடும்"னு சமாளிச்சேன். எல்லாரும் சிரிச்சாங்க. எனக்குத்தான் ராத்திரி வரைக்கும் உறுத்திக்கிட்டே இருந்துச்சு. ஏன்னா அதே கேள்விக்காக ரஷ்யாவுல ரெண்டு கணித மேதைங்க முட்டிக்கிட்ட கதை ஒன்னு இருக்கு.

காசை பத்து தடவை சுண்டினா ஏழு தலை விழலாம். பத்தாயிரம் தடவை சுண்டினா பாதிக்குப் பக்கத்துல வந்து நிக்கும். இதுதான் பெரிய எண்களின் விதி. ஜேக்கப் பெர்னூலி நிரூபிச்சது, அவர் செத்தப்புறம் 1713-ல் புத்தகமா வந்துச்சு. அந்த நிரூபணத்துல ஒவ்வொரு சுண்டலும் (தின்கிற சுண்டல் இல்லீங்க :-)) முந்தினதைச் சாராதது.

மாஸ்கோவுல பாவெல் நெக்ராசோவ்னு ஒரு கணிதப் பேராசிரியர். சின்ன வயசுல இறையியல் பள்ளியில படிச்சவர். 1902-ல் அவர் ஒரு வாதம் வச்சார். குற்றம் மாதிரியான சமூகப் புள்ளிவிவரங்கள் வருஷா வருஷம் ஏறக்குறைய ஒரே சராசரியில நிக்குது. அப்ப பெரிய எண்களின் விதி அங்க வேலை செய்யுது. அது வேலை செய்யணும்னா ஒருத்தர் செயல் இன்னொருத்தர் செயலைச் சாராம இருந்தே ஆகணும். ஆகவே மனுஷனுக்கு சுதந்திர விருப்பம் உண்டு. முடிஞ்சது நிரூபணம்!

பீட்டர்ஸ்பர்க்ல இருந்த ஆந்த்ரேய் மார்க்கோவுக்கு இது பொறுக்கலை. மனுஷர் சும்மா விடுற ரகமும் இல்லை. 1912-ல் "என்னை மதவிலக்கு பண்ணுங்க"ன்னு ரஷ்யத் திருச்சபைக்குத் தானே எழுதிக் கேட்டவர். அவர் நெக்ராசோவோட வாதத்துல ஒரே ஒரு கண்ணியைத்தான் உடைச்சார். ஒன்னையொன்னு சார்ந்திருந்தாலும் சராசரி நிலையா நிக்கலாம்னு 1906-ல் நிரூபிச்சுக் காட்டினார். அடுத்த நிலை, இப்ப இருக்கிற நிலையைப் பொறுத்தது. இன்னிக்கு நாங்க மார்க்கோவ் சங்கிலின்னு நடத்துறது அதைத்தான்.

வெறும் சமன்பாட்டோட அவர் நிக்கலை. புஷ்கினோட 'யெவ்கெனி ஒனேகின்' கவிதை நாவலை எடுத்து 20,000 எழுத்தை உக்காந்து எண்ணினார். கணினியா, கால்குலேட்டரா? காகிதமும் பேனாவும்தான். 1913 ஜனவரியில அகாடமியில வாசிச்ச கணக்கு இது: உயிரெழுத்து 8,638, மெய் 11,362. எழுத்துக்கள் ஒன்னையொன்னு சாரலைன்னா உயிருக்கு அடுத்து உயிர் சுமார் 3,731 தடவை வந்திருக்கணும். வந்தது 1,104 தடவைதான். ஆக, ஒவ்வொரு எழுத்தும் பக்கத்து எழுத்தைப் பார்த்துத்தான் வருது. ஆனாலும் சராசரி ஆடாம நிக்குது.

1948-ல் கிளாட் ஷானன் இதே யோசனையை ஆங்கிலத்துக்குப் பொருத்தி, முந்தின எழுத்தையும் முந்தின வார்த்தையையும் வச்சு அடுத்ததை உருவாக்கிக் காட்டினார். இன்னிக்கு அடுத்த சொல்லை ஊகிக்கிற மொழி மாதிரிகள் எவ்வளவோ சிக்கலானவை. ஆனா அடிப்படைக் கேள்வி, முன்னாடி வந்ததைப் பொறுத்து அடுத்து என்னங்கிறதுதான்.

சரி, இது பண்டிதர் சண்டைதானே, நமக்கென்னன்னு கேட்பீங்க. இங்கிலாந்துல சாலி கிளார்க்னு ஒரு வழக்கறிஞர். 1996-லயும் 1998-லயும் அடுத்தடுத்து ரெண்டு கைக்குழந்தைங்க செத்துப் போச்சு. கொன்னுட்டான்னு அந்தத் தாய் மேலயே கேஸ். அது மாதிரி குடும்பத்துல காரணம் தெரியாம ஒரு குழந்தை சாகுற வாய்ப்பு 8,543-ல் ஒன்னுன்னு ஒரு மருத்துவ நிபுணர் சாட்சி சொன்னார். ரெண்டு குழந்தைங்கிறதால அந்த எண்ணை அதாலயே பெருக்கினார். 7.3 கோடியில ஒன்னு! ஒரே தாய் தகப்பன், ஒரே வீடு, ஒரே ரத்தம். அந்த ரெண்டு சாவும் ஒன்னையொன்னு சாராததுன்னு யார் சொன்னது? 1999-ல் ஆயுள் தண்டனை. அந்தப் பெருக்கலுக்கு ஆதாரமே இல்லைன்னு 2001-ல் ராயல் புள்ளியியல் சங்கம் பகிரங்கமா சொல்லிச்சு. 2003-ல் விடுதலை. அதுக்கு முக்கியக் காரணம் மறைக்கப்பட்டிருந்த ஒரு மருத்துவப் பரிசோதனை முடிவு. நாலு வருஷத்துல, 2007-ல், அந்த அம்மா இறந்துட்டாங்க.

இதையெல்லாம் யோசிச்சுக்கிட்டே என் ஆய்வு நிரலைத் திறந்து பார்த்தேன். எக்ஸ்ரே படங்களை பயிற்சிக்கு ஒரு பங்கு, சோதனைக்கு ஒரு பங்குன்னு கண்ணை மூடிக்கிட்டு குலுக்கிப் பிரிச்சிருக்கேன். ஒரே நோயாளியோட படங்கள் ரெண்டு பக்கமும் இருக்கு. மூணு மாசமா பீத்திக்கிட்டிருந்த துல்லியத்துல பாதி, கேள்வித்தாளை முன்னாடியே பார்த்த கதை. நோயாளிவாரியாப் பிரிச்சு மறுபடி ஓட்டினேன். எண் சறுக்கிடுச்சு. கைடுகிட்ட போய் உண்மையைச் சொன்னேன். திட்டலை. "இப்பவாவது பார்த்தியே"ன்னார்.

இந்த வாரம் வகுப்புல அந்தப் பொண்ணுகிட்ட முதல்ல மன்னிப்பு கேட்டேன். அப்புறம் அதே வரியை எழுதி, கீழ இன்னொரு வரி சேர்த்தேன்: "வச்சுக்கிட்டா யாருக்கு என்ன ஆகும்?"

அந்த ஒரு மணி நேரம் கணக்கே போடலை. விவாதம்தான் நடந்துச்சு.