பில் கிளின்டனின் ராணுவ வாக்குறுதி (1992)

அமெரிக்கப் படைகளில் தன்பாலீர்ப்பாளர்கள் பணியாற்றத் தடை இருந்தது. அதை நீக்குவதாக, 1992 அதிபர் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளராக நின்ற பில் கிளின்டன் வாக்குறுதி அளித்தார். வாக்கு நிறைவேறவில்லை. ‘கேட்காதே, சொல்லாதே’ என்று பெயர்பெற்ற சட்டம்தான் 1993இல் வந்தது. அதுவரை பாதுகாப்புத் துறையின் நிர்வாக விதியாக இருந்த தடை, நாடாளுமன்றம் இயற்றிய சட்டமாக இறுகி 2011 வரை நீடித்தது. வேட்பாளராக ஒருவர் எடுக்கும் நிலைப்பாட்டுக்கும், ஆட்சிக்கு வந்தபின் அவரால் செய்ய முடிவதற்கும் உள்ள தூரத்தை அமெரிக்க அரசியலில் இவ்வளவு தெளிவாகக் காட்டும் நிகழ்வுகள் குறைவு.

பின்னணி

தன்பாலீர்ப்பு ராணுவப் பணிக்குப் பொருந்தாது என்று பாதுகாப்புத் துறை 1982இல் எழுத்தில் விதித்தது. அதற்கு முன்பும் நடைமுறை ஏறத்தாழ அதுவே. 1980களில் மட்டும் சுமார் 17,000 பேர் இந்தக் காரணத்தால் வெளியேற்றப்பட்டதாக நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 1992இல் கணக்கிட்டது.

தடையை முதலில் பொதுமக்கள் முன் கொண்டுவந்தவர் விமானப்படை சார்ஜென்ட் லெனர்ட் மாட்லோவிச். வியட்நாம் போரில் காயமடைந்து பதக்கங்கள் பெற்ற அவர், தாம் தன்பாலீர்ப்பாளர் என்று 1975இல் மேலதிகாரியிடம் கடிதம் கொடுத்தார். ‘டைம்’ இதழ் சீருடையோடு அவர் படத்தை அட்டையில் வெளியிட்டது. அதே ஆண்டில் பணியும் போனது. 1988இல் இறந்த அவரது கல்லறை வாஷிங்டனில் உள்ளது. இரண்டு பேரைக் கொன்றதற்குப் பதக்கம் கொடுத்த ராணுவம், ஒருவரை நேசித்ததற்காகத் தம்மை வெளியே அனுப்பியது என்ற பொருளில் அவரே எழுதிவைத்த வாசகம் அந்தக் கல்லில் பொறிக்கப்பட்டிருக்கிறது.

மார்கரெத் கம்மர்மேயர் வாஷிங்டன் மாநிலத் தேசியக் காவற்படையின் தலைமைச் செவிலியர், கர்னல். வியட்நாமில் பணியாற்றிப் பதக்கம் பெற்றவர். 1989இல் பாதுகாப்புச் சோதனைக்கான நேர்காணலில் கேட்ட கேள்விக்கு, தாம் தன்பாலீர்ப்பாளர் என்று உண்மையைச் சொன்னார். அந்த ஒரு பதிலுக்காக விசாரணை நடந்து 1992 ஜூனில் வெளியேற்றப்பட்டார். பணியில் அவர்மீது எந்தக் குறையும் சொல்லப்படவில்லை. கிளின்டனின் பிரச்சாரம் சூடுபிடித்த நேரத்தில் நாடு இதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

வாக்குறுதி

ஆர்கன்சா மாநில ஆளுநராக இருந்த கிளின்டன், 1991 அக்டோபரில் ஹார்வர்டு பல்கலைக்கழகக் கூட்டத்தில் எழுந்த ஒரு கேள்விக்குப் பதிலாகத்தான் தடையை நீக்குவேன் என்று முதலில் சொன்னார். 1992 மே மாதம் ஹாலிவுட்டில் நடந்த நிதி திரட்டும் கூட்டத்தில் அது உறுதிமொழியாகவே மாறியது. கூட்டத்தை ஏற்பாடு செய்தவர்களில் முன்னணியில் இருந்த டேவிட் மிக்ஸ்னர், வியட்நாம் போர் எதிர்ப்புக் காலத்திலிருந்தே கிளின்டனின் நண்பர். எய்ட்ஸ் நோய்க்கு நண்பர்களையும் துணைவர்களையும் பறிகொடுத்து, அரசு தங்களைக் கைவிட்டது என்ற வேதனையோடு வந்திருந்தவர்கள் அந்த அரங்கில் இருந்தார்கள். வெள்ளை மாளிகையை எட்டக்கூடிய ஒருவர் தங்களை நாட்டின் ஒரு பகுதியாக எண்ணிப் பேசியது அவர்களுக்குப் பெரிய விஷயம். அதன்பின் பணமும் தொண்டர்களும் வாக்குகளும் அவர் பக்கம் திரண்டன.

எதிர்த்து நின்ற அதிபர் ஜார்ஜ் எச். டபிள்யூ. புஷ் தடையை ஆதரித்தார். ஆனாலும் பொதுத்தேர்தல் களத்தில் இது பெரிதாக மோதப்படவில்லை. அந்த ஆண்டு எல்லாரும் பேசியது பொருளாதாரத்தையே. கிளின்டனுக்கு அப்போது வசதியாக இருந்த இந்த மௌனம் பின்னால் பாதகமாக முடிந்தது. மக்களிடம் வாதாடி வென்ற கொள்கையாக அது இல்லாததால், எதிர்ப்பு எழுந்தபோது முன்னே வந்து நிற்கும் பெரும்பான்மை ஒன்று உருவாகியிருக்கவில்லை.

மோதல்

தேர்தலில் வென்ற கிளின்டன், 1992 நவம்பர் 11 அன்று, முன்னாள் படைவீரர் தினத்தன்றே, வாக்குறுதியில் உறுதியாக இருப்பதாகச் சொன்னார். நிர்வாக ஆணை ஒன்றில் கையெழுத்திட்டால் போதும் என்ற எண்ணம் இருந்தது. படைகளில் இனப் பாகுபாட்டை ஒழிக்க 1948இல் அதிபர் ட்ரூமன் 9981ஆம் எண் ஆணையைப் பிறப்பித்ததை ஆதரவாளர்கள் முன்னுதாரணமாகக் காட்டினார்கள். கூட்டுப் படைத் தலைவர்கள் குழுவுக்குத் தலைமை வகித்த காலின் பவல் அந்த ஒப்பீட்டை ஏற்கவில்லை. தோலின் நிறம் நடத்தை சார்ந்ததல்ல என்பது அவர் வாதம். அந்தப் பதவிக்கு வந்த முதல் கறுப்பினத்தவர் அவர். வளைகுடாப் போர் வெற்றியால் நாடே கொண்டாடிய தளபதி. ட்ரூமன் ஆணையின் பயனைப் பெற்ற தலைமுறையைச் சேர்ந்தவர் இப்படிச் சொன்னபோது எதிர்வாதம் எடுபடவில்லை. கிளின்டனோ ராணுவப் பணி செய்யாதவர். வியட்நாம் காலத்தில் கட்டாயச் சேர்ப்பைத் தவிர்த்தது பற்றி 1969இல் அவர் எழுதிய கடிதம் தேர்தலின்போதே வெளியாகியிருந்தது. தளபதிகளிடம் உரத்துப் பேசும் தார்மீக பலம் அவரிடம் குறைவாகவே இருந்தது.

சொந்தக் கட்சியிலிருந்தும் அடி விழுந்தது. செனட் படைத்துறைக் குழுவின் தலைவரான ஜார்ஜியாவின் சாம் நன் தடையைக் காக்க முன்வந்தார். அதிபர் ஆணை பிறப்பித்தால் தடையைச் சட்டமாகவே இயற்றிவிடுவோம் என்ற மிரட்டல் நாடாளுமன்றத்தில் வெளிப்படையாக எழுந்தது. அரசியலமைப்பின்படி படைகளுக்கான விதிகளை வகுக்கும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு உண்டு. எனவே 1993 ஜனவரி 29 அன்று, பதவியேற்றுப் பத்து நாள்கூட ஆகாத நிலையில், கிளின்டன் ஒரு படி இறங்கினார். புதிதாகச் சேருவோரிடம் பாலீர்ப்பு பற்றி இனிக் கேள்வி கேட்கக் கூடாது. பாதுகாப்பு அமைச்சர் லெஸ் ஆஸ்பின் ஜூலை 15க்குள் ஆணையின் வரைவைத் தர வேண்டும் என்று அறிவித்தார்.

அந்த அவகாசம் எதிர்ப்பாளர்களுக்கே உதவியது. மே மாதம் நன், நார்ஃபோக் கடற்படைத் தளத்துக்குக் கேமராக்கள் பின்தொடரப் போய், நீர்மூழ்கிக் கப்பலில் அடுக்கடுக்காக அமைந்த குறுகிய படுக்கைகளுக்கு நடுவே நின்று மாலுமிகளிடம் கருத்துக் கேட்டார். இப்படி நெருங்கிப் படுக்கும் இடத்தில் எப்படி என்ற அச்சத்தை அந்தப் படங்கள் வீடுவீடாகக் கொண்டுசேர்த்தன. அதே படுக்கைகளில் தன்பாலீர்ப்பாளர்கள் காலம்காலமாகப் படுத்துக்கொண்டும் பணிசெய்துகொண்டும்தான் இருந்தார்கள் என்பதைக் காட்ட எந்தப் படமும் இல்லை. உண்மையான ஆபத்து யாருக்கு என்பதற்குச் சான்று ஏற்கெனவே இருந்தது. 1992 அக்டோபரில் ஜப்பானின் சசெபோவில் ஆலன் ஷிண்ட்லர் என்ற இளம் மாலுமியை, தன்பாலீர்ப்பாளர் என்பதற்காக, உடன் பணிபுரிந்தவரே அடித்துக் கொன்றிருந்தார்.

மறுபக்கக் குரல்களும் வலுவானவையே. பாதுகாப்பு அமைச்சரே கேட்டு வாங்கிய ராண்ட் நிறுவன ஆய்வு, பாலீர்ப்பைக் கணக்கில் எடுக்காமல் நடத்தையை மட்டும் வைத்து விதி வகுக்க முடியும் என்றது. 1964இல் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளராக நின்ற பழமைவாதி பாரி கோல்ட்வாட்டரும் தடையை நீக்கச் சொல்லி எழுதினார். கனடாவும் ஆஸ்திரேலியாவும் 1992இலேயே நீக்கிவிட்டிருந்தன.

சமரசம்

1993 ஜூலை 19 அன்று மெக்நேர் கோட்டையில் அதிகாரிகள் முன்னிலையில் கிளின்டன் சமரசத்தை அறிவித்தார். நவம்பர் 30 அன்று கையெழுத்திட்ட பாதுகாப்பு நிதிச் சட்டத்தில் அது இடம்பெற்றது. சேரும்போது பாலீர்ப்பு பற்றிக் கேட்க மாட்டார்கள். ஆனால் தன்பாலினத்தவரோடு உறவு கொண்டாலும், திருமணம் செய்ய முயன்றாலும், தாம் இன்னார் என்று வாயால் சொன்னாலும் பணி போகும். கேட்காமல் விடுவது நிர்வாக விதியின் சலுகைதான். சொன்னால் வெளியேற்றுவது சட்டத்தின் கட்டளை. துணைவர் படத்தை மேசையில் வைப்பதும், நண்பருக்கு எழுதிய கடிதம் தவறிப் பிறர் கையில் சிக்குவதும்கூட ஆபத்து. காட்டிக்கொடுப்பேன் என்று மிரட்டுபவருக்குச் சட்டமே ஆயுதமானது. சமரசத்தைக் கண்டித்து வெள்ளை மாளிகை முன் போராடிக் கைதானவர்களில் டேவிட் மிக்ஸ்னரும் ஒருவர்.

இச்சட்டத்தின் கீழ் 13,000க்கும் மேற்பட்டோர் பணியிழந்தனர். இராக், ஆப்கானிஸ்தான் போர்களுக்கு அரபு மொழி தெரிந்தவர்கள் இல்லாமல் ராணுவம் தவித்த காலத்திலேயே, அந்த மொழியில் பயிற்சி பெற்றவர்களையும் வெளியேற்றியது.

பிந்தைய வேட்பாளர்கள்

2000இல் ஜனநாயகக் கட்சியின் அல் கோர் சட்டத்தை நீக்க வேண்டும் என்றார், ஜார்ஜ் டபிள்யூ. புஷ் அது தொடரட்டும் என்றார். 2008இல் பராக் ஒபாமா நீக்குவதாக வாக்குறுதி அளித்தார். ஜான் மெக்கெயின் எதிர்த்தார்.

ஒபாமா அவசரப்படவில்லை. அந்தத் தாமதம் ஆதரவாளர்களைக் கொதிக்கவைத்தது. அந்தக் கோபம் நியாயமானது, ஏனெனில் அவர் காத்திருந்த நாள்களிலும் வீரர்கள் வேலை இழந்துகொண்டிருந்தார்கள். ஆனால் இம்முறை படைத்தலைமை எதிர்ப்பக்கத்தில் இல்லை. 2010 பிப்ரவரியில் கூட்டுப் படைத் தலைவர்கள் குழுவின் தலைவர் மைக் மல்லன், சக குடிமக்களைக் காப்பதற்காகவே தாம் யார் என்பதில் பொய் சொல்லுமாறு இளைஞர்களை நிர்ப்பந்திப்பது தம்மை உறுத்துகிறது என்று செனட் குழு முன் சாட்சியம் சொன்னார். பவலும் மனம் மாறி நீக்கத்தை ஆதரித்தார். பாதுகாப்புத் துறை படையினரிடம் நடத்திய கருத்துக்கணிப்பில், பெரும்பான்மையினர் மாற்றத்தால் கெடுதல் வராது என்றார்கள். டிசம்பர் 18 அன்று செனட் 65–31 என்று வாக்களித்தது. ஒபாமா 22ஆம் தேதி கையெழுத்திட்டார். 2011 செப்டம்பர் 20 முதல் தடை ஒழிந்தது. எதிர்ப்பாளர்கள் பயமுறுத்தியபடி படை குலையவில்லை.

மதிப்பீடு

கிளின்டன் மனமறிந்து ஏமாற்றினார் என்பது சரியல்ல. அவர் வாக்கை நம்பிப் பேசினார். அதற்காக முதல் மாதங்களின் அரசியல் செல்வாக்கையும் இழந்தார். அவர் தவறு, நாடாளுமன்றத்தையும் தளபதிகளையும் முன்கூட்டி அணுகாமல் ஒரு கையெழுத்தை நம்பியதும், தோல்வியை நேர்மையான முன்னேற்றமாக மக்களிடம் காட்டியதும். விலை கொடுத்தவர்கள் அவரை நம்பி வாக்களித்தவர்களும், பேசாமல் பணிசெய்துகொண்டிருந்தவர்களுமே.

அந்த விலை 2011இல் தீர்ந்துவிடவில்லை. மரியாதைக்குரியதல்லாத விடுவிப்புச் சான்றோடு அனுப்பப்பட்டவர்கள் முன்னாள் படைவீரருக்கான மருத்துவம், கல்வி உதவி போன்றவற்றை இழந்து வாழ்ந்தார்கள். மனமொத்த தன்பாலின உறவுக்காக ராணுவ நீதிமன்றத்தில் தண்டனை பெற்றவர்களுக்கு அதிபர் ஜோ பைடன் 2024 ஜூனில் பொதுமன்னிப்பு அளித்தார். ‘கேட்காதே, சொல்லாதே’ காலத்தில் வெளியேற்றப்பட்டவர்களில் 800க்கும் மேற்பட்டோரின் சான்றை மரியாதைக்குரியதாகத் திருத்தியிருப்பதாகப் பாதுகாப்புத் துறை அதே ஆண்டு அக்டோபரில் அறிவித்தது.