மாணவர் பெயரும் தலைவர் பெயரும்: ஒரு மாலைக் கல்லூரியின் 200 ஆண்டுகள்

துணைவேந்தர் ஒருவர் பணிக்காலம் முடிந்து விடைபெறும்போது வெளியாகும் மலர்களுக்கென்று நம் நாட்டில் தனி இலக்கணமே உருவாகிவிட்டது. ‘பொறுப்பேற்றபோது’, ‘இன்று’ என இரு பத்திகள் கொண்ட ஓர் அட்டவணை இருக்கும். அதில் துறைகள், கட்டடங்கள், மாணவர் தொகை, புரிந்துணர்வு ஒப்பந்தங்கள். அட்டவணைக்குக் கீழே வரும் உரைநடையில் வினைகள் பெரும்பாலும் செயப்பாட்டு வடிவில் அமையும்: தொடங்கப்பட்டது, விரிவாக்கப்பட்டது, உயர்த்தப்பட்டது. யாரால் என்று எழுத வேண்டியதில்லை. முகப்பிலுள்ள படமே அதைச் சொல்லிவிடும்.

பகலில் வேலை பார்த்துவிட்டு மாலையில் படிக்க வருவோர்க்கான கல்லூரிக்கு இந்த இலக்கணம் பொருந்துமா என்பதே இப்பதிவின் கேள்வி. அத்தகைய கல்லூரியின் மாணவர் தம் நேரத்துக்குத் தாமே உரிமையாளர் அல்லர். முதலாளி விட்ட பிறகு மிஞ்சும் இரண்டு மூன்று மணி நேரமே அவருடையது. அந்த நேரத்தோடு கல்லூரி ஒத்துப்போகிறதா என்பதைப் பொறுத்தே அதன் வாழ்வும் தாழ்வும் அமையும். மலரின் அட்டவணையில் அதற்குப் பத்தி கிடையாது. இதைப் பார்க்க லண்டனிலுள்ள பர்க்பெக் கல்லூரியைவிட நீண்ட சான்று கிடைப்பது அரிது. 1823இல் தொடங்கிய அக்கல்லூரி பல தலைவர்களை வழியனுப்பியிருக்கிறது.

கதை லண்டனில் அன்று, கிளாஸ்கோவில் தொடங்குகிறது. ஜார்ஜ் பர்க்பெக் 1776இல் யார்க்‌ஷயரின் செட்டில் ஊரில், குவேக்கர் குடும்பத்தில் பிறந்தவர், மருத்துவம் படித்தவர். 1799இல் கிளாஸ்கோவின் ஆண்டர்சன் நிறுவனத்தில் இயற்கை அறிவியல் பேராசிரியரானார். வகுப்பில் காட்டுவதற்கான கருவி மாதிரிகளைச் செய்து வாங்க நகரின் பட்டறைகளுக்குச் செல்ல வேண்டியிருந்தது. ஒரு பட்டறையில், தாம் செய்துகொண்டிருக்கும் கருவி எப்படி வேலை செய்கிறது என்று தொழிலாளர்கள் கேட்ட கேள்விகள் அவரை நிறுத்தின. கருவியைச் செய்யத் தெரிந்த கைகளுக்கு அதன் தத்துவத்தைச் சொல்லித்தர ஒருவருமில்லை. 1800இல், சனிக்கிழமை மாலைகளில், கைவினைஞர்களுக்கென இலவச விரிவுரைகளைத் தொடங்கினார். இது நடவாத கனவு என்று சிலர் ஒதுக்கினார்கள். முதல் விரிவுரைக்கு 75 பேர் வந்தார்கள். நான்காவதற்குள் 500 பேர்.

1804இல் பர்க்பெக் கிளாஸ்கோவை விட்டுப் போய்விட்டார். நம் மலர்களின் கணக்குப்படி பார்த்தால் அத்தோடு ‘பொற்காலம்’ முடிந்திருக்க வேண்டும். ஆனால் வகுப்பு தொடர்ந்தது. அவருக்குப் பின் வந்த ஆண்ட்ரூ யூர் அதை நடத்தினார். தொழிலாளர்கள் தமக்கென நூலகம் ஒன்றையும் அமைத்துக்கொண்டார்கள். ஏறத்தாழ 20 ஆண்டுகளுக்குப் பின், நிர்வாகத்துடன் ஏற்பட்ட பூசலில் வகுப்பினர் மொத்தமாக வெளியேறி, 1823இல் கிளாஸ்கோ மெக்கானிக்குகள் நிறுவனத்தைத் தாமே தோற்றுவித்தார்கள். தலைவர் இல்லாத 20 ஆண்டுகளில் மாணவர்கள் ஒரு நிறுவனத்தைத் தாமே நடத்தும் அளவுக்கு முதிர்ந்திருந்தார்கள். பர்க்பெக்கின் சாதனைகளில் பெரியது அவர் ஊரில் இல்லாதபோது நிகழ்ந்தது என்றே நான் சொல்வேன்.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிக் கூற வேண்டும். ‘மெக்கானிக்’ என்றதும் இன்று தமிழில் நம் மனக்கண்ணில் வருபவர் இருசக்கர வாகனப் பழுதுபார்ப்பவர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆங்கிலத்தில் அது கைத்தொழில் வல்லார் அனைவரையும் குறித்தது: தச்சர், கொல்லர், கடிகாரம் செய்வோர், அச்சுக்கோப்போர். வகுப்பு நிலையைச் சுட்டும் சொல்லாகவும் அது இருந்தது. மேட்டுக்குடியினர் வாயில் அதற்குச் சற்று இளக்காரத் தொனியும் உண்டு. அந்தச் சொல்லையே ஒரு கல்வி நிறுவனத்தின் நெற்றியில் எழுதுவது அக்காலத்தில் சிறிய செயலன்று.

கிளாஸ்கோ செய்தி லண்டனை எட்டியதும், ‘மெக்கானிக்ஸ் மேகசின்’ இதழின் ஆசிரியர்களான ஜோசப் கிளிண்டன் ராபர்ட்சனும் தாமஸ் ஹாட்ஜ்ஸ்கினும், 1823 அக்டோபரில், தலைநகருக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று எழுதினார்கள். நவம்பர் 11ஆம் நாள் ஸ்ட்ராண்ட் தெருவின் ‘கிரவுன் அண்டு ஆங்கர்’ விடுதியில் நடந்த கூட்டத்துக்கு ஏறத்தாழ 2,000 பேர் திரண்டார்கள். டிசம்பர் 2ஆம் நாள் லண்டன் மெக்கானிக்குகள் நிறுவனம் முறைப்படி தோன்றியது. அப்போது லண்டனில் மருத்துவராக இருந்த பர்க்பெக் அதன் தலைவரானார்.

தொடக்கத்திலேயே ஒரு கருத்து மோதல் எழுந்தது. நிறுவனம் தொழிலாளர் சந்தாவிலேயே நடக்க வேண்டும், செல்வர் பணம் வந்தால் செல்வர் ஆட்சியும் கூடவே வரும் என்பது ராபர்ட்சன், ஹாட்ஜ்ஸ்கின் தரப்பு. நன்கொடை இல்லாமல் நிறுவனம் ஓராண்டுகூட நிற்காது என்பது தையற்கலைஞராக இருந்து அரசியல் செயற்பாட்டாளரான பிரான்சிஸ் பிளேஸின் தரப்பு. பிளேஸின் தரப்பே வென்றது. ஆனால் நிர்வாகக் குழுவில் மூன்றில் இரு பங்கினர் தொழிலாளர்களாக இருக்க வேண்டும் என்ற விதி இடம்பெற்றது. சான்சரி லேனை ஒட்டிய சவுதாம்ப்டன் பில்டிங்ஸில் விரிவுரை அரங்கம் கட்ட பர்க்பெக் தம் சொந்தப் பணத்திலிருந்து 3,700 பவுண்டு கடன் கொடுத்தார். 1825 ஜூலையில் அரங்கம் திறக்கப்பட்டது. கொடுத்தது நன்கொடையன்று, கடன் என்பதை மனத்தில் வைக்க வேண்டும். அவருடைய பெருந்தன்மையில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் தலைவரே கடன் கொடுத்தவராகவும் இருக்கும் இடத்தில், அவரோடு மாறுபட ஒரு தச்சருக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று எண்ணிப் பார்க்கலாம். ராபர்ட்சனின் எச்சரிக்கையை வெறும் பொறாமை என்று ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

அவருடைய தலைமையில் நடந்தவற்றைக் குறைத்துச் சொல்லவும் கூடாது. 1830இல் பெண்கள் சேர்த்துக்கொள்ளப்பட்டார்கள். ஆக்ஸ்ஃபோர்டு பெண்களுக்குப் பட்டம் தரத் தொடங்கியது 1920இல், கேம்பிரிட்ஜ் 1948இல். உழைப்பே மதிப்பை ஆக்குகிறது, மூலதனத்தின் பங்கு நியாயமற்றது என்று வாதிட்ட ஹாட்ஜ்ஸ்கின் அந்நிறுவன மேடையிலேயே அரசியல் பொருளாதாரம் குறித்து விரிவுரை ஆற்ற முடிந்தது. 1851இல் ஜே. டபிள்யூ. ஹட்சன் எண்ணிப் பார்த்தபோது பிரிட்டனிலும் அயர்லாந்திலும் இத்தகைய நிறுவனங்கள் 700க்கும் மேல் இருந்தன.

பர்க்பெக் 1841 டிசம்பர் 1ஆம் நாள் இறந்தார். அதுவரை அவரே தலைவர், பதினெட்டு ஆண்டுகள். அவருக்குப் பின் நிறுவனம் கடனிலும் உறுப்பினர் குறைவிலும் நெடுங்காலம் தள்ளாடியது. இதனிடையே அமைதியாக ஒரு மாற்றம் நடந்தது. கைவினைஞர்கள் குறைந்து, எழுத்தர்களும் கடைப் பணியாளர்களும் மிகுந்தார்கள். 12 மணி நேரம் பட்டறையில் நின்றவரைவிட அலுவலகத்தில் அமர்ந்திருந்தவருக்கே மாலை விரிவுரை எளிது. அடிப்படைப் பள்ளிக் கல்வி இல்லாதவருக்கு விரிவுரை புரியவும் இல்லை. 1845இலேயே ஏங்கெல்ஸ் இந்நிறுவனங்கள் நடுத்தர வர்க்கத்தின் கருவியாகிவிட்டன என்று கடுமையாக எழுதினார். அது சற்று மிகையான தீர்ப்பு என்றாலும், மாணவர் இருக்கையில் ஆள் மாறியது உண்மை.

1866இல் அந்த மாற்றம் பெயர்ப் பலகையில் ஏறியது. ‘லண்டன் மெக்கானிக்குகள் நிறுவனம்’ என்பது ‘பர்க்பெக் இலக்கிய, அறிவியல் நிறுவனம்’ ஆயிற்று. மொழியியல் படித்த எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் ஆர்வமூட்டும் இடம் இதுதான். பழைய பெயரில் உடைமைப் பொருளில் நின்றவர்கள் படிப்போர், அதுவும் பன்மையில். புதிய பெயரில் அந்த இடத்தில் ஒருமையில் ஒரு தலைவர் வந்து அமர்கிறார். மறைந்த தலைவருக்கு நன்றி செலுத்தும் அதே பெயர்மாற்றம், யாருக்காக அவர் உழைத்தாரோ அவர்களைப் பலகையிலிருந்து இறக்கியும் விட்டது.

இது லண்டனுக்கு மட்டும் உரிய நிகழ்வன்று. பம்பாயில் அரசு நாணயச்சாலையிலும் கப்பல்தளத்திலும் பணியாற்றிய இளம் மெக்கானிக்குகளும் மேற்பார்வையாளர்களும் 1847இல் தமக்கென ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். சாசூன் குடும்பத்தின் கொடையில் 1870இல் அதற்கு அழகிய கட்டடம் எழுந்தது. பெயர் சாசூன் மெக்கானிக்குகள் நிறுவனம் என்றாயிற்று. பிறகு அதிலிருந்த மெக்கானிக்குகளும் நீங்கினார்கள். காலா கோடாவில் இன்றும் நிற்கும் டேவிட் சாசூன் நூலகம் அதுதான்.

பர்க்பெக்கின் பிற்காலக் கதையைச் சுருக்கலாம். 1858இல் லண்டன் பல்கலைக்கழகம் தன் பட்டத் தேர்வுகளை எங்குப் படித்தவரும் எழுதலாம் என்று திறந்துவிட்டது. மாலை மாணவர்க்குப் பட்டம் கைக்கெட்டியது. பர்க்பெக்குக்கும் புது உயிர் வந்தது. 1885இல் புதுக் கட்டடம். 1907இல் பர்க்பெக் கல்லூரி என்ற பெயர். பல்கலைக்கழகச் சீரமைப்பை ஆராய்ந்த ஹால்டேன் ஆணையம், மாலை மாணவர்க்கும் பகுதிநேர மாணவர்க்கும் உரிய உறுப்புக் கல்லூரியாகப் பர்க்பெக்கே இயல்பாகப் பொருந்தும் என்று 1913இல் கூறியது. 1920இல் அது பல்கலைக்கழகத்தில் இணைந்தது. இரண்டாம் உலகப்போரில் நகர நடுவிலிருந்த லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரிகள் ஊரைவிட்டு வெளியேறியபோது பர்க்பெக் மட்டும் அங்கேயே இருந்தது. மாணவர்களின் வேலை லண்டனில் இருந்ததால் கல்லூரி வேறெங்கும் போக முடியாது. 1941இல் நூலகத்தின் மீது குண்டு விழுந்தது; வகுப்புகள் நிற்கவில்லை. பெர்னல், ரோசலிண்ட் ஃபிராங்க்ளின், ஹாப்ஸ்பாம் ஆகியோர் பணியாற்றிய இடம் என்று இன்று பெருமையுடன் சொல்லப்படும் கல்லூரி, தன் வகுப்புகளை மாலையிலேயே நடத்தியது.

அண்மைக் காலத்துக்கு வருவோம். டேவிட் லாட்ச்மன் 2003 முதல் 2023 வரை 20 ஆண்டுகள் தலைமை வகித்தார். நிறுவனர் பர்க்பெக்கைவிட நீண்ட காலம். ஸ்ட்ராட்ஃபோர்டில் இரண்டாவது வளாகம், மாலையிலேயே மூன்றாண்டில் முடிக்கும் முழுநேரப் பட்டம் என்று மலருக்கு வேண்டிய பொருள் நிறைய உண்டு. அதே காலத்தில், ஏற்கெனவே ஒரு பட்டம் பெற்றவர் அதற்கு இணையான அல்லது கீழான இன்னொன்றைப் படித்தால் நிதி கிடையாது என்று அரசு 2007இல் அறிவித்தது. வேலை மாறவோ, விட்ட படிப்பைத் தொடரவோ வரும் நடுவயதினரே பர்க்பெக்கின் தூண்கள்; அடி அவர்கள் மேல் விழுந்தது. 2012இல் கட்டணம் ஏறியபின் இங்கிலாந்து முழுவதும் பகுதிநேர மாணவர் தொகை சரிந்தது. முழுநேர மாலைப் பட்டம் என்பது அந்தச் சரிவுக்கான மறுமொழியும்கூட. அது கல்லூரியைக் காத்தது. ஆனால் முழுநேரமாகப் படிப்பவர்க்குப் பகல் வேலை அவ்வளவாக ஒத்துவராது. அப்பட்டத்தை நாடுவோரில் இளையோர் மிகுவது இயல்பு. 1840களில் நடந்தது போலவே, இருக்கையில் ஆள் மாறும் வாய்ப்பு மீண்டும் வந்தது. அவர் விலகுவதற்கு ஓராண்டு முன், 2022இல், பணிநீக்கத் திட்டத்தை எதிர்த்து ஆசிரியர்கள் போராட நேர்ந்தது. இவை எல்லாவற்றையும் ஒரு மனிதரின் கணக்கில் வரவாகவோ பற்றாகவோ எழுதுவது வரலாறாகாது. 20 ஆண்டுக்காலத் தலைமையின் பாதி, வெஸ்ட்மின்ஸ்டரில் முடிவான நிதி விதிகளுக்கு ஈடுகொடுப்பதிலேயே கழிந்தது.

நம் நாட்டில் இச்சிக்கலைக் கூர்மையாக உணர்ந்தவர் அம்பேத்கர். 1945இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவி, 1946இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் தொடங்கியபோது, மாணவர்கள் பகலில் வேலைக்குப் போகும்படி வகுப்புகளைக் காலையில் வைத்தார். பெயரிலும் தம்மை வைக்கவில்லை. கழகத்துக்கு மக்கள், கல்லூரிக்குப் புத்தர். கோட்டைப் பகுதியிலுள்ள அக்கல்லூரிக்கும் சாசூன் நூலகத்துக்கும் நடந்தே போய்விடலாம்.

தமிழ்நாட்டில் ‘மாலைக் கல்லூரி’ என்ற தொடருக்கு நேர்ந்ததையும் இவ்வரிசையில் வைக்கிறேன். பணியில் இருப்போர்க்கென எழுந்த தொடர், பகல் வகுப்பில் இடம் கிடைக்காத இளையோர்க்கான சுயநிதிப் பிரிவைக் குறிப்பதாகப் பல இடங்களில் மாறி, இன்று ‘இரண்டாம் ஷிப்ட்’ என்றே வழங்குகிறது. ஷிப்ட் என்பது ஆலைச் சொல். ஆனால் ஆலைக்குப் போகிறவர் அந்த வகுப்பில் இல்லை. பிற்பகலில் தொடங்கும் வகுப்புக்கு எந்த எழுத்தரும் எந்தத் தொழிலாளியும் வர இயலாது. இம்மாற்றம் ஒவ்வொரு கல்லூரியிலும் எந்த ஆண்டில், எந்த முதல்வர் காலத்தில் நிகழ்ந்தது என்பதை விடைபெறு மலர்களில் தேடிக் காணமுடியாது. பழைய கால அட்டவணைகளே சொல்ல முடியும். 1960கள் முதல் 1980கள் வரை மாலைக் கல்லூரிகளில் பயின்றோர், கற்பித்தோர் எவரிடமேனும் அவ்வட்டவணைகளோ கையேடுகளோ இருந்தால், படியெடுத்து அனுப்பினால் பயனுள்ளதாக இருக்கும். வகுப்பு எத்தனை மணிக்குத் தொடங்கியது என்ற ஒரு வரி போதும்.