போத்தலும் புதைமண்ணும்: யாழ்ப்பாணக் குடாநாட்டிற் பழம்போத்தல் சேகரிப்புப் பற்றிய ஒரு நோக்கு

யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கிற் 'போத்தல்' என்னுஞ் சொல் கண்ணாடிப் பாத்திரம் ஒன்றினைக் குறிப்பதோடு ஓர் அளவையையும் குறிப்பதாகும். பாலும் கள்ளும் நல்லெண்ணெயும் நெடுங்காலம் போத்தற் கணக்கிலேயே விற்கப்பட்டன. கலன் என்னும் ஆங்கில அளவையில் ஆறிலொரு பங்கு, அதாவது ஏறத்தாழ 750 மில்லிலீற்றர், ஒரு போத்தலாகும். லீற்றர் வழக்கிற்கு வந்த பின்னரும் அரைப் போத்தல், காற் போத்தல் என்பன முதியோர் வாயினின்று அகலவில்லை. இத்துணை நெருக்கமாக வாழ்வோடு கலந்துவிட்ட பொருளை எவரும் வரலாற்றுச் சான்றாகக் கருதாமை வியப்பன்று. வையாபாடலையும் யாழ்ப்பாண வைபவமாலையையும் துருவி ஆராய்ந்தோர் பலர். கிணற்றடியிற் கிடந்த போத்தலைப் புரட்டிப் பார்த்தோர் மிகச் சிலரே.

மேலைநாடுகளில் நிலைமை வேறு. பழைய குப்பைமேடுகளையும் கைவிடப்பட்ட மலக்குழிகளையும் தோண்டிப் போத்தல் எடுப்பது அங்கு ஒரு பொழுதுபோக்காகவே வளர்ந்துள்ளது. 1959இல் ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்துச் சக்கரமென்ரோ நகரிற் பழம்போத்தல் சேகரிப்போருக்கென ஒரு சங்கம் தோன்றியது. அதன்பின் இங்கிலாந்திலும் விக்ரோறியா மகாராணி காலத்துக் குப்பைக் கிடங்குகள் பல இவ்வாறு கிளறப்பட்டன. கண்காட்சி, விலைப்பட்டியல், ஏலம் எனப் பின்னர் அது ஒரு வணிகமாகவும் விரிந்தது.

இச்சேகரிப்பாளர் வளர்த்துக்கொண்ட அறிவு எள்ளி நகையாடத்தக்கதன்று. போத்தலொன்றின் வயதை அதன் உடலிலேயே வாசிக்கும் முறையை அவர்கள் நன்கு அறிவர். வாயால் ஊதிச் செய்த போத்தலை, கழுத்தை முடிக்கும்வரை, அடியில் ஒட்டிய இரும்புக்கோல் ஒன்றினாற் பிடித்திருப்பர். கோலை முறித்தெடுக்கும்போது அடிப்புறத்திற் கரடுமுரடான வடுவொன்று எஞ்சும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து கோலுக்குப் பதிலாகப் பிடிகருவி வழக்கிற்கு வரவே அவ்வடு மறையலாயிற்று. அச்சில் வார்த்த போத்தலின் இருமருங்கும் பொருத்துக்கோடு ஓடும். அக்கோடு கழுத்தளவில் நின்றுவிடின் வாய் தனியே கையால் முடிக்கப்பட்டது என்பது பொருள். விளிம்பின் உச்சிவரை ஏறியிருப்பின் அது பொறியின் வேலை. அமெரிக்கரான மைக்கல் ஓவன்சின் தானியங்கிப் பொறி 1903இல் தொழிலுக்கு வந்தமையால், உச்சிவரை கோடு ஏறிய போத்தல் பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டிற்குரியது எனலாம்.

நிறமும் பேசும். மணலிலுள்ள இரும்பு கண்ணாடிக்குப் பச்சைநிறம் தரும். அதனை நீக்க மங்கனீசு சேர்த்தனர். மங்கனீசு சேர்ந்த கண்ணாடி நீண்டகாலம் வெயிலிற் கிடப்பின் மெல்ல ஊதாவாக மாறும். ஊதாவுக்கு விலை அதிகம் என்றறிந்த வணிகர் சிலர், சாதாரண போத்தல்களைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்திச் செயற்கையாக நிறமேற்றுவதும் உண்டு! மண்ணுட் புதைந்த கண்ணாடியின் மேற்பரப்பிலிருந்து ஈரம் காரப்பொருளைக் கரைத்தெடுக்கும்போது மயிற்கழுத்துப் போன்ற பன்னிறப் படலமொன்று உண்டாகின்றது. சேகரிப்பாளருட் பலர் அதனை அழுக்கெனக் கொண்டு தேய்த்து மெருகேற்றுவர். போத்தல் பளபளக்கும், அது மண்ணுள் இருந்தமைக்கான சான்று போய்விடும்.

அருமையும் விலையைத் தீர்மானிக்கும். 1872இல் ஆங்கிலேயரான ஹைராம் கொட் உரிமம் பெற்ற சோடாப் போத்தலை இதற்கு உதாரணமாகக் காட்டலாம். அதன் கழுத்தில் அடைபட்ட கண்ணாடிப் போளையை உள்ளிருக்கும் வாயுவின் அமுக்கமே இறப்பர் வளையத்தோடு அழுத்தி மூடிவைக்கும். கோடிக்கணக்கிற் செய்யப்பட்டும் முழுமையாக எஞ்சியவை குறைவு. போளைக்காகப் போத்தலை உடைத்த சிறுவர் உலகெங்கும் இருந்தமையே அதற்கொரு காரணம். சிறுவர் செய்த சேதம் இன்று சேகரிப்பாளனின் விலையாகின்றது.

குடாநாட்டிற்கு இவ்வறிவு எவ்வளவு பொருந்தும்? ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றி, 1795இல் பிரித்தானியரிடம் இழந்தனர். அக்காலத்தில் ஜின் வகை மதுபானம், தோள் அகன்று அடி குறுகிய சதுரப் போத்தல்களில், அறையறையாகத் தடுத்த பெட்டிகளில் அடுக்கிக் கப்பலேற்றப்பட்டது. எனவே இத்தகைய போத்தலொன்று கிடைத்தவுடன் 'ஒல்லாந்தர் காலத்தது' என்று சொல்லிவிடுவது எளிது. ஆயின் அதே வடிவம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் தொடர்ந்து செய்யப்பட்டது. வடிவத்தை மாத்திரம் கொண்டு காலத்தைத் துணிதல் இயலாது. எந்த மண்படையில், எந்த ஓட்டுத் துண்டோடும் எந்த நாணயத்தோடும் கிடந்தது என்பதே ஐயத்தை நீக்கவல்லது. குடாநாட்டிலோ பல இடங்களிற் சுண்ணக்கற் பாறையின் மேல் மண் மெல்லியதாகவே படிந்துள்ளது. மண்வெட்டியின் ஒரே வீச்சிற் பல நூற்றாண்டுகள் கலந்துவிடக்கூடும்.

கந்தரோடையின் கதை ஈண்டு நோக்கற்பாலது. நீதிபதியாயிருந்த போல் ஈ. பீரிஸ் அவ்வூரிற் கிடைத்த நாணயங்கள் முதலியவற்றைச் சேகரித்து, 1917இலும் 1919இலும் அரச ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளைச் சஞ்சிகையிற் கட்டுரைகள் எழுதினார். அவருடைய ஆர்வம் இல்லாதிருப்பின் கந்தரோடையின் தொன்மை அறிஞர் கவனத்திற்கு வர மேலும் காலம் சென்றிருக்கும். அதனை மறுப்பது நன்றிமறத்தலாகும். எனினும் மண்மேற் பொறுக்கியும் பிறர் கைமாறியும் வந்த பொருள்களுக்கு மண்படைச் சான்று இல்லை. 1970இற் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக அரும்பொருளகத்தார் அங்கு அகழ்ந்தபோதே படைவரிசையிற் காலத்தை நோக்கும் வாய்ப்பு ஏற்பட்டது.

அல்லைப்பிட்டி இதன் மறுபக்கத்தைக் காட்டும். அங்கு கிடைத்த சீனப் பீங்கான் துண்டுகளை 1977இல் ஜோன் கார்ஸ்வெல் ஆராய்ந்து, அவை சொங் வம்சக் காலத்துக்குரியன எனக் கண்டார். 2018இல் ஷாங்காய் அரும்பொருளகக் குழுவினர் இலங்கை அறிஞருடன் அப்பகுதியில் அகழ்ந்தபோதும் அத்தகைய துண்டுகள் பல வெளிப்பட்டன. பதினோராம் நூற்றாண்டின் பிற்பகுதியையும் பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தையும் அவை சுட்டுகின்றன. நயினாதீவிலுள்ள முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டோ, ஊராத்துறைக்கு வரும் பரதேசிகளுக்குப் பாதுகாப்பளிப்பதையும், உடைந்த மரக்கலங்களின் சரக்கில் அரசுக்குரிய பங்கையும் பற்றிப் பேசுகின்றது. அக்கல்வெட்டும் பன்னிரண்டாம் நூற்றாண்டினதே. சேகரிப்பாளன் கண்ணில் உடைந்த பீங்கானுக்கு விலையில்லை. கிடந்த இடம் பதிவாகியமையால், அவ்வுடைசல்கள் கல்வெட்டுக் குறிக்கும் அதே கடல்வணிகத்திற்குத் துணைச்சான்றாகின்றன.

சட்டமும் இதில் ஒரு வரம்பு கட்டியுள்ளது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச்சட்டம் 1815 மார்ச் 2ஆந் திகதிக்கு முற்பட்டனவற்றையே தொல்பொருளாகக் கொள்கின்றது. அனுமதியின்றி அவற்றைத் தேடி அகழ்தலும் நாட்டைவிட்டு வெளியே கொண்டு செல்லுதலும் குற்றமாகும். ஆகவே கோட்டை அகழியில் ஒல்லாந்தர் எறிந்த போத்தலுக்குப் பாதுகாப்பு உண்டு; பிரித்தானியர் காலச் சோடாப் போத்தலுக்கு இல்லை. அந்நாள் கண்டி இராச்சியம் பிரித்தானியர் வசமான நாள். 1619இலேயே தன் அரசை இழந்து, 1795இற் பிரித்தானியரைக் கண்ட யாழ்ப்பாணத்தின் வரலாற்றில் அத்திகதி எந்தத் திருப்பத்தையும் குறிக்கவில்லை. ஆயினும் குடாநாட்டு மண்ணுள் எது தொன்மை, எது குப்பை என்பதை அதுவே தீர்மானிக்கின்றது.

மேலைநாட்டுப் பொழுதுபோக்கை அப்படியே இங்கு பெயர்த்து நடுவதற்குப் பிறிதொரு தடையும் உண்டு. போர் நடந்த மண்ணில், கண்ணிவெடி அகற்றப்பட்டதென்று உறுதியாகாத நிலத்தைத் தோண்டுதல் பொழுதுபோக்காகாது. 1990இல் இடம்பெயர்ந்த வலிகாமம் வடக்கு மக்களின் காணிகள் 2009இன் பின்னரே படிப்படியாக விடுவிக்கப்பட்டன. மீண்டோர் கிணற்றை இறைத்துத் தூர் எடுக்கும்போது மேலே வரும் போத்தல் எவருக்கும் பழம்பொருளன்று; அது பாட்டியின் மருந்துப் போத்தலாகவோ அயலவரின் எண்ணெய்ப் போத்தலாகவோ இருக்கலாம். அதனைக் கழுவி எடுத்து வைப்போரும் வேலியோரம் எறிவோரும் ஒரே குடும்பத்திலேயே இருப்பர்.

இவ்விடத்தில் 1990 முதல் 1995 வரையிலான பொருளாதாரத் தடைக்காலத்தை நினைவுகூராது செல்லலாகாது. மின்சாரம் நின்றது, மண்ணெண்ணெய் கிடைத்தற்கரிய பொருளாயிற்று. அப்போது குடாநாட்டு வீடுகளில் எரிந்தது ஜாம் போத்தல் விளக்கு. அடியிற் சிறிது பஞ்சு. அதனை நனைக்குமளவே மண்ணெண்ணெய். சைக்கிள் ரியூபின் வால்வினுட் கோத்த திரி. அதனைத் தாங்க ஒரு துண்டுக் கம்பி. போத்தலின் சுவரே காற்றுக்குத் தடுப்பாகவும் சிமினியாகவும் அமைந்தது. க. பொ. த. உயர்தரப் பரீட்சைக்கு அவ்வொளியிற் படித்துப் பல்கலைக்கழகம் புகுந்த ஒரு தலைமுறையே உண்டு.

அந்த ஜாம் போத்தலை மேற்கூறிய முறைகளால் மதிப்பிட்டால் முடிவு எளிது. பொருத்துக்கோடு உச்சிவரை ஏறியிருக்கும். எனவே பொறியில் வார்த்தது. நிறமற்றது, வடிவத்தில் அருமை யாதுமில்லை. 1815இற்கும் வெகு பிற்பட்டது. ஆதலாற் சட்டத்தின் பார்வையிலும் தொல்பொருளன்று. திரியையும் கம்பியையும் கழற்றிக் கழுவிவிட்டால் உலகின் எந்தக் கடையிலும் கிடைத்த போத்தலொன்றே எஞ்சும். 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமத்து மக்கள் ஒரே இரவிற் பெயர்ந்தபோது அத்தகைய விளக்குகள் பல வீடுகளிலேயே விடப்பட்டன. மின்சாரம் மீண்ட பின்னர், எஞ்சியவற்றுட் பல கழுவப்பட்டு மீண்டும் ஊறுகாயும் சீனியும் இடும் போத்தல்களாயின.