பதிப்பு நாளும் தமிழ்ச் சொல்லும்

மலாக்கா துறைமுகத்தின் வாழ்வு பருவக் காற்றை நம்பிய வாழ்வு. 1511-இல் போர்த்துகீசியர் அந்நகரைக் கைப்பற்றுமுன், சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் வணிகர் ஒரு பருவக் காற்றில் வந்து சேர்ந்து, மறு பருவக் காற்று எழும்வரை காத்திருந்து தாயகம் திரும்பினர். துறைமுகத்தில் ஷாபந்தர் எனப்பட்ட துறைத்தலைவர் நால்வர் இருந்தனர் என்றும், சோழமண்டலக் கரையினரும் வங்காளத்தாரும் பெகு, பாசை நாட்டினரும் அவருள் ஒருவரின் பொறுப்பில் இருந்தனர் என்றும் தொமே பிரெஸ் என்னும் போர்த்துகீசியர் எழுதிவைத்துள்ளார். சரக்கு எத்துணை உயர்ந்ததாயினும், காற்றுத் திரும்பும் நாளில் கலத்தில் ஏறாதது கரையிலேயே தங்கும். அதற்கு அடுத்த பருவமே கதி.

உலகின் பல நாட்டார் ஒன்றுகூடி உருவாக்கும் பெரிய மென்பொருள்களின் வரலாற்றிலும் அத்தகைய நாள் ஒன்று உண்டு. புதுப் பதிப்பு வெளிவரும் நாளே அது. அதற்குள் இடம்பெற்ற மொழி உலகெங்கும் செல்லும். இடம்பெறாத மொழி காத்திருக்கும். தமிழ் அக்கலத்தில் ஏறிய வரலாறு தமிழாசிரியர் அறியத்தக்கது.

தொகுத்தாரும் தொகையும்

மென்பொருளை இயற்றியவர் அதன் மூல நிரலை, அஃதாவது கணினிக்கு இடும் கட்டளைகளின் மூல வாசகத்தை, பிறர் காணாதவாறு மறைத்து வைப்பது 1980-ஆம் ஆண்டுகளில் பெருவழக்காயிற்று. மூல நிரலைப் படிக்கவும் திருத்தவும் பிறர்க்கு வழங்கவும் எவர்க்கும் உரிமை வேண்டும் என்று வாதிட்ட ரிச்சர்டு ஸ்டால்மன் என்னும் அமெரிக்கர், 1983 செப்டம்பரில் குனு என்னும் திட்டத்தை அறிவித்தார். 1991-இல் பின்லாந்தின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், லினக்ஸ் என்னும் கருநிரலை வெளியிட்டார். கட்டற்ற மென்பொருள் என்றும் திறமூல மென்பொருள் என்றும் வழங்கும் பெருமரபு இவ்வாறு தழைத்தது.

தனித்தனி மென்பொருள்கள் பல இருந்தும், அவற்றை ஒழுங்குபடத் தொகுத்துத் தருவார் தேவைப்பட்டனர். தனிப்பாடல்கள் பல வழங்கியபோது தொகுத்தாரும் தொகுப்பித்தாரும் தோன்றி எட்டுத்தொகையை அமைத்தது போன்றதே அத்தேவை. 1993 ஆகஸ்டு 16-இல் இயான் மர்டாக் என்னும் அமெரிக்க மாணவர் டெபியன் என்னும் தொகுப்பினைத் தொடங்கினார். ஊதியம் கருதாத தொண்டர்களே அதனை இன்றும் நடத்துகின்றனர். 2004-இல் தோன்றிய உபுண்டு என்னும் தொகுப்பும், சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் 2007-இல் வெளியிட்ட பாஸ் என்னும் தொகுப்பும் டெபியனை அடிப்படையாகக் கொண்டவை. ஆகவே தாய்த் தொகுப்பில் ஒரு தமிழ்ச் சொல் பதிவாகுமாயின், கிளைத் தொகுப்புகளிலும் அது பரவும் வாய்ப்புண்டு.

இச்செய்தி மலாக்கா மாநிலத்திற்கு நெடுந்தொலைவிலுள்ளது போலத் தோன்றலாம், அவ்வாறன்று. மலேசிய அரசு 2004-இல் பொதுத்துறைக்கெனத் திறமூல மென்பொருள் பெருந்திட்டம் ஒன்றை வகுத்தது. 2013-இல் மலேசியப் பள்ளிகளுக்கென அறிவிக்கப்பட்ட குரோம்புக் கணினிகளின் அடித்தளமும் லினக்ஸே. அலோர் காஜாவிலோ மெர்லிமாவிலோ பத்தாங் மலாக்காவிலோ ஓர் ஆசிரியர் ஆண்டிராய்டு கைப்பேசியைக் கையில் எடுப்பாராயின், அதன் கருவும் அதுவே.

வாராத முதற்பதிப்பு

பதிப்பு நாளை வரையறுப்பதன் அருமையை டெபியன் குழுவினர் ஓர் இடரினால் உணர்ந்தனர். 1995-இன் இறுதியில், குறுந்தகடு விற்கும் நிறுவனம் ஒன்று, பணி முற்றுப்பெறாத நிலையிலிருந்த நிரல்களை எடுத்து, டெபியன் 1.0 என்று பெயரிட்டு விற்றுவிட்டது. அரைகுறையான அத்தொகுப்பை மெய்யான பதிப்பு என்று மக்கள் மயங்கலாகாது என்பதற்காக, 1.0 என்னும் எண்ணையே குழுவினர் கைவிட்டனர். 1996 ஜூன் 17-இல் வெளிவந்த முதற்பெரும் பதிப்பு 1.1 என எண் பெற்றது இதனாலேயே. அதில் இருந்த மென்பொருட் பொதிகள் 474.

ஆயத்தமாகும் பதிப்பினை எண்ணால் சுட்டாமல் புனைபெயரால் சுட்டும் வழக்கம் நிலைபெற்றதும் இக்காலத்தேதான். அப்பெயர்கள் 'டாய் ஸ்டோரி' என்னும் திரைப்படத்தின் பாத்திரப் பெயர்கள். அப்படத்தில் பொம்மைகளை உடைக்கும் சிறுவனின் பெயர் சித். என்றும் நிலைபெறாமல் மாறிக்கொண்டேயிருக்கும் பணிப்பிரிவுக்கு அப்பெயரே சூட்டப்பட்டுள்ளது. பெயர் விளையாட்டாயினும் நோக்கம் விளையாட்டன்று. முடிந்த நூலும் முடியாத ஏடும் ஒன்றாகக் கருதப்படலாகாது என்பதே அந்நோக்கம்.

வழுவும் வழுவமைதியும்

டெபியன் தொகுப்பில் மூன்று நிலைகள் உண்டு. புதிய நிரல் முதலில் நிலையற்ற பிரிவில் சேரும். சில நாள்கள் கடந்து, கடும் பிழை புதிதாக ஒன்றும் புலப்படாவிடின் சோதனைப் பிரிவுக்கு ஏறும். இவ்விடைப்பிரிவு 2000-ஆம் ஆண்டில் ஏற்படுத்தப்பட்டது. சோதனைப் பிரிவு முதிர்ந்து நிலையான பிரிவாகும் நாளே பதிப்பு நாள்.

அந்நாளுக்குப் பல திங்கள்களுக்கு முன்னரே பதிப்புக் குழுவினர் தொகுப்பினை உறையச் செய்வர். உறைநிலை என்பது யாது? மலாக்கா மாநிலத்தார்க்கு இதனை விளக்குதல் எளிது. 1896-இல் டான் சாய் யான் என்பார் மலாயாவில் முதன்முதல் வணிக நோக்கில் ரப்பர் பயிரிட்டது மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கிலேதான். தோட்டத்தில் மங்குகளிலிருந்து வாளியில் சேர்த்த பாலைத் தொட்டியில் ஊற்றுமுன் வடிகட்டித் தூசும் பட்டையும் நீக்குவர். பின்னரே அமிலம் சேர்த்து உறையவிடுவர். உறைந்தபின் அதனோடு புதுப்பால் கலவாது. உள்ளே தங்கிய தூசும் வாராது. அழுத்துதலும் உலர்த்துதலும் மட்டுமே எஞ்சிய வேலைகள். மென்பொருளும் அத்தகையதே. உறைநிலை வந்தபின் புதுமை எதுவும் ஏலாது. பிழை களைதல் ஒன்றே நடைபெறும். ஒன்று மட்டும் வேறுபாடு: ரப்பரில் தங்கிய தூசை விட்டுவிடலாம், மென்பொருளில் தங்கிய கடும் பிழையைத் தேடி எடுத்தே தீரவேண்டும்.

மென்பொருட் பிழையைத் தமிழ்க் கணிமை உலகினர் 'வழு' என்கின்றனர். இலக்கணம் பயின்றார்க்கு இச்சொல் இனிக்கும். வழுக்களுள் பதிப்பையே தடுக்கத்தக்க கடுவழுக்களைத் தனியே பிரித்து எண்ணுவர். அவை தீராத பொதியைத் தொகுப்பிலிருந்து விலக்கிவிடுதலும் உண்டு. ஆயினும் ஒரு வழுவை இந்தப் பதிப்பளவில் பொறுத்துக்கொள்ளலாம் எனப் பதிப்பு மேலாளர் கருதின், அதற்கெனத் தனிக் குறி ஒன்றை இடுவர். அக்குறியிடும் உரிமை அவர்க்கே உரியது. வழுவாயினும் காரணம் பற்றி அமைத்துக்கொள்வதை நம் இலக்கணத்தார் வழுவமைதி என்றனர். கணினி உலகமும் அத்தேவையைத் தானே கண்டறிந்திருக்கிறது!

இத்துணை விழிப்பிருந்தும் இடர் நேர்வதுண்டு. 2002 ஜூலை 19-இல் 3.0 பதிப்பு வந்தபின், அடுத்ததாகிய 3.1 வெளிவர ஏறத்தாழ மூன்றாண்டுகள் ஆயின. 2005 ஜூன் 6-இல் அது வெளிவந்த உடனே, குறுந்தகடுகளில் பாதுகாப்புத் திருத்தங்களைப் பெறுதற்குரிய ஒரு வரி பிழைபட்டிருப்பது தெரிந்தது. பதினையாயிரத்துக்கு மேற்பட்ட பொதிகளைக் கொண்ட தொகுப்பில் பிழை ஒரே வரி. ஆயினும் தகட்டின் படிமங்களைத் திருத்தி மீண்டும் வெளியிட நேர்ந்தது. 2023 ஜூன் 10-இல் வந்த 12-ஆம் பதிப்பிலோ பொதிகளின் எண்ணிக்கை 64,000-ஐயும் கடந்தது.

சொல் உறையும் நாள்

நிரல் உறைவது போலவே சொல்லும் உறைவதுண்டு. திரையில் தோன்றும் பட்டியற் பெயர்கள், வினாக்கள், எச்சரிக்கைகள் ஆகிய ஆங்கிலத் தொடர்களை ஒரு குறித்த நாளுக்குப்பின் மாற்றலாகாது என விதி செய்வர். மொழிபெயர்ப்போர் அமைதியாகப் பணிமுடிக்க இடம் தருவதே அவ்விதியின் பயன். குனோம் என்னும் திரைச்சூழல் ஆண்டுக்கு இருமுறை புதுப்பிக்கப்படுகிறது. அதன் தொடர்களில் நூற்றுக்கு எண்பது பங்கேனும் பெயர்க்கப்பட்ட மொழியே ஆதரவு பெற்ற மொழி என அங்குக் கொள்ளப்பட்டுவந்தது. ஒவ்வொரு பதிப்பிலும் புதுத் தொடர்கள் சேர்கின்றன. ஆதலின் சென்ற பதிப்பில் எண்பதைத் தொட்ட மொழி, இப்பதிப்பில் ஒருவரும் உழைக்காவிடின், இருந்த இடத்திலும் நில்லாது, கீழே இறங்கும்.

தமிழில் பெயர்ப்பார்க்குள்ள இடர்கள் சில, இலக்கணம் கற்பிப்போர்க்குச் சுவை பயப்பன. நிரலாளர் ஒரு தொடரின் நடுவே வெற்றிடம் விட்டு, கோப்பின் பெயர் அங்கே வந்து விழுமாறு அமைப்பர். ஆங்கிலத்தில் பெயர் எதுவாயினும் தொடர் சிதையாது. தமிழிலோ பெயரின் ஈற்றை அறியாமல் வேற்றுமை உருபைப் புணர்த்துவது எவ்வாறு? 'கடிதம்' என வந்தால் 'கடிதத்தை' என்றும், 'பாடல்' என வந்தால் 'பாடலை' என்றும் அமைய வேண்டும். வரப்போகும் பெயரை எந்திரம் அன்றி எவரும் அறியார். ஆகவே, பெயரைத் திரியாமல் நிறுத்தி, 'என்னும் கோப்பை' எனப் பொதுப்பெயர் ஒன்றைப் பின்னே சேர்த்து உருபை அதன்மேல் ஏற்றுவது நல்ல வழி. அகராதியை மட்டும் அறிந்தவர்க்கு இது தோன்றாது. புணர்ச்சி அறிந்தவர்க்கே தோன்றும்.

எழுத்தைத் திரையில் காட்டுவதும் எளிதாயிருக்கவில்லை. 1991-இல் வெளிவந்த யூனிகோடு முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. ஆனால் அம்முறையில் 'கெ' என்பதைச் சேமிக்குங்கால் ககரம் முன்னும் எகரக் குறி பின்னுமாக நிற்கும். காட்டும்போது குறி முன்னே வரவேண்டும். எளிய உரைத்திரைக்கு இவ்வாற்றல் இல்லை. டெபியன் நிறுவியானது 2007 ஏப்ரல் 8-இல் வந்த 4.0 பதிப்பில் 58 மொழிகளில் அமைந்தபோது, தமிழ், இந்தி, மலையாளம், வங்காளம் முதலியன அதன் புதிய வரைகலை வடிவில் மட்டுமே இடம்பெற்றன. சொற்களைப் பெயர்த்த தொண்டரும் எழுத்தை வரையும் நிரலை அமைத்த தொண்டரும் ஒரே காலத்தில் பணி முடித்தமையால் அவ்வாண்டின் பருவக் காற்றில் தமிழ் ஏறியது.

மலேசியத் தமிழின் காற்புள்ளி

கணினித் தமிழுக்கு மலேசியா செய்த தொண்டு பழமையானது. முத்து நெடுமாறன் முரசு என்னும் தமிழ் மென்பொருளை 1985-இல் தொடங்கினார். 2001-இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் கூடியது. முரசு திறமூல வகையைச் சார்ந்ததன்று. எனினும் தமிழைத் திரையில் காணலாம் என்னும் நம்பிக்கையை அது வளர்த்தது.

மலேசியத் தமிழர்க்கெனத் தனியிடம் ஒன்று திறமூல உலகிலும் இருக்கிறது. எல்லாராலும் எடுத்தாளத்தக்க ஒரு பெருந்தரவுத் தொகுப்பை 2004 முதல் யூனிகோடு அமைப்பு நடத்திவருகிறது. ஒவ்வொரு மொழியிலும் திங்களின் பெயர், நாணயக் குறி, எண் எழுதும் முறை ஆகியன அதில் அடங்கும். பல மென்பொருள்கள் அங்கிருந்தே இவற்றைப் பெறுகின்றன. அதில் தமிழ் ஒன்றே எனினும், இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் என நாட்டளவில் பிரிவுகள் உண்டு. இந்தியத் தமிழில் 12,50,000 என இலட்சக் கணக்கில் காற்புள்ளி விழும் தொகை, மலேசியத் தமிழில் 1,250,000 என மில்லியன் கணக்கில் விழும். ரிங்கிட்டின் குறியும் அங்கே வழக்கப்படியே நிற்கும்.

ஒரு காற்புள்ளிக்காக இத்துணை முயற்சியா எனலாம். ஜாசினில் ஒரு மாணவன் கணக்குப் பாடத்தில் கற்ற முறையில் எண்ணை எழுதுகிறான். அவன் கணினி தமிழுக்கு மாறியதும் வேறு முறையில் எழுதுமாயின், அவன் ஐயுறுவது கணினியை அன்று; தமிழையே ஐயுறுவான். தமிழில் அமைத்தால் குழப்பம் என்று ஆங்கிலத்துக்கே மாற்றிவைப்பான். அப்படி மாற்றியவன் மீண்டும் திரும்புதல் அரிது.

இத்தரவுத் தொகுப்பும் ஆண்டுக்கு இருமுறை வெளிவருவது. சொல்லைத் தந்து வாக்களிக்கக் குறித்த காலம் உண்டு. அதன்பின் வாயில் அடைபடும். குனோமும் டெபியனும் தத்தம் உறைநாளை முன்கூட்டியே அறிவிக்கின்றன. இவ்வாயில்களில் நுழைய நிரல் எழுதும் புலமை வேண்டுவதில்லை. 'கடவுச்சொல்', 'கோப்பு', 'சாளரம்' என்பன போன்ற சொற்களை ஒருமைப்பாட்டோடு ஆள்வதும், மலேசிய மாணவர்க்கு விளங்கும் தொடர் எது எனத் தெளிவதுமே வேண்டுவன. அவ்விரண்டும் தமிழாசிரியர் நாள்தோறும் செய்யும் தொழில்.

பதிப்பு வெளியானபின் அதில் தமிழ் குறைவுடையது என்று வருந்துவோர் பலர். பால் உறையுமுன் வடிகட்ட வந்தோர் சிலரே. அச்சிலரின் உழைப்பால்தான் தமிழ் இதுவரை காற்றில் ஏறிவந்திருக்கிறது. அடுத்த பதிப்புக்கான தொடர்கள் இப்போதும் பெயர்ப்பாரை எதிர்நோக்கியே இருக்கின்றன.