ஐந்து சிலிண்டர் பட்டா: பெருங்கணினியில் உடைமையும் அனுமதியும்

கணினியின் வரலாற்றை வேகத்தின் வரலாறாக எழுதுவதே இங்கு வழக்கமாகிவிட்டது. உடைமையின் வரலாறாகவும் அதை எழுதிப் பார்க்கலாம். பெசன்ட் நகரில் உட்கார்ந்து யோசிப்பவருக்கு முதல் சான்று பக்கத்திலேயே இருக்கிறது. 1973இல் கிண்டிக் காட்டை ஒட்டிய ஐ.ஐ.டி.க்கு மேற்கு ஜெர்மனியின் உதவியாக ஐ.பி.எம். 370/155 வந்து சேர்ந்தது. 1970இல் அறிவிக்கப்பட்ட மாடல். 1972 ஆகஸ்டில், மெய்நிகர் நினைவகம் கொண்ட 158ஐயும் வி.எம்./370 என்ற இயக்க அமைப்பையும் ஐ.பி.எம். அறிவித்தபோதே 155 பழசாகிவிட்டது. இன்னொரு பெட்டியைக் காசு கொடுத்து வாங்கி மாட்டினால்தான் அதில் வி.எம். ஓடும். உதவி என்று வருவது போன வருஷத்துச் சட்டைதான் என்று சலித்துக்கொண்டு விட்டுவிடலாம். அப்படி விட்டுவிடுகிற விஷயமில்லை இது.

வி.எம். ஒரு மாயையை விற்றது. அமெரிக்காவின் கேம்பிரிட்ஜில் ராபர்ட் க்ரீஸியும் லெஸ் கோமோவும் 1964இல் தொடங்கிய வேலை அது. இயந்திரம் ஒன்று, ஆட்கள் பலர். ஒவ்வொருவருக்கும் முழு இயந்திரமும் தன்னுடையது என்று தோன்ற வேண்டும். வட்டும் அப்படித்தான். 3330 வகை வட்டுத் தொகுப்பு ஒன்றில் 404 சிலிண்டர்கள், சுமார் 100 மெகாபைட். வீட்டுவசதி வாரியம் பெசன்ட் நகரை மனை பிரித்ததுபோல அதை வெட்டி, ஆளுக்கு ஐந்து, பத்து சிலிண்டர் கொடுத்தார்கள். மினிடிஸ்க் என்று பெயர். நிஜத்தில் 217ஆம் சிலிண்டரில் தொடங்கும் துண்டு, அதன் சொந்தக்காரருக்கு 0 என்றே தெரியும். வேலிக்கு அப்பால் உலகம் இருப்பதே தெரியாது.

சரி, பட்டா எங்கே இருக்கிறது? வட்டில் இல்லை. நிர்வாகி வைத்திருக்கும் பயனர் ஏட்டில். எந்த வட்டு, எத்தனையாவது சிலிண்டரிலிருந்து எத்தனை, படிக்க ஒரு கடவுச்சொல், எழுத ஒன்று, பலர் எழுத ஒன்று, எல்லாம் அதில் ஒரே பத்தியில். கடவுச்சொல் இருக்கிற இடத்தில் 'ஆல்' என்று போட்டால் அது பொதுவழி. தாசில்தார் ஆபீஸ் அடங்கலைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. இதற்கு ஃபூக்கோவைக் கூப்பிட வேண்டிய அவசியமும் இல்லை.

அடுத்தவர் வட்டைப் பார்க்க முதலில் 'லிங்க்', பிறகு 'ஆக்ஸஸ்'. இரண்டாவது கட்டளையில்தான் அந்த வட்டின் கோப்புப் பட்டியல் உங்கள் நினைவகத்துக்கு நகலாக வரும். அதன் பிறகு சொந்தக்காரர் என்ன மாற்றினாலும் உங்களிடம் இருப்பது பழைய நகல். மறுபடி ஆக்ஸஸ் போட வேண்டும். இதைவிட மோசம், இரண்டு பேர் ஒரே வட்டில் எழுதுவது. எம்.டபிள்யூ. என்ற முறையில் கேட்டால் அமைப்பு தடுக்காது. ஆளுக்கொரு பட்டியல் நகல், ஒருவர் காலி என்று நினைத்த இடத்தில் மற்றவர் எழுதியிருப்பார், கடைசியாகப் பட்டியலை எழுதுபவர் ஜெயித்தார். கோப்புகள் காலி. தனியுடைமையை இவ்வளவு சுத்தமாகக் கட்டிய அமைப்புக்குச் சேர்ந்து எழுதத் தெரியவில்லை என்பதுதான் என் வாதம்.

அட்டைக் கட்டோடு வரிசையில் நின்ற காலத்து ஓ.எஸ். தொகுதிமுறையோ, பூட்டை வட்டுக்குப் போடவில்லை, கோப்புக்குப் போட்டது. வேலை அட்டையில் 'ஓல்ட்' என்று குறித்தால் அது முடியும்வரை இன்னொருவர் தொட முடியாது. 'ஷேர்' என்றால் பலரும் படிக்கலாம். பின்தங்கியது என்று சொல்லப்பட்டதில் பகிர்வுக்கு இலக்கணம் இருந்தது. ஊரூர் குப்பத்து மணலிலும் அப்படித்தான்: படகு ஏற்ற, வலை காயப்போட யாரும் தனிப் பட்டா கேட்பதில்லை. எது யார் இடம் என்று ஊருக்குத் தெரியும். வருவாய்த்துறை ஏட்டுக்குத்தான் கடற்கரை புறம்போக்கு.

1978இல் ஐ.பி.எம். இந்தியாவை விட்டுப் போனது, அந்நியச் செலாவணிச் சட்டப்படி பங்கைக் குறைத்துக்கொள்ள மனமில்லாமல். பராமரிப்பு சி.எம்.சி.யிடம் வந்தது. பத்து வருஷம் கழித்து, 1988இல், வி.எம். ஆறாம் வெளியீட்டில் பகிர்வுக் கோப்பு அமைப்பு வந்தது. கோப்பு கோப்பாக இன்னாருக்குப் படிக்க, இன்னாருக்கு எழுத என்று பயனரே அனுமதி கொடுக்கலாம். ஆனால் அந்தக் கோப்புக் குளத்துக்குள் யார் நுழையலாம், எவ்வளவு இடம் என்று குறிப்பவர் இன்னமும் நிர்வாகிதான்.