அத்லெட்டிக் டிரெய்னிங் முதுநிலைப் படிப்பு: முன்தகுதிகள் (அமெரிக்கா)

அத்லெட்டிக் டிரெய்னிங் என்பது விளையாட்டுக் காயங்களைத் தடுத்தல், கண்டறிதல், அவசர உதவி, மறுவாழ்வுச் சிகிச்சை ஆகியவற்றுக்கான மருத்துவம் சார்ந்த தொழில். அமெரிக்க மருத்துவச் சங்கம் 1990இல் இதை அங்கீகரித்தது. தொழிலுக்குள் நுழைய முதுநிலைப் பட்டம் தேவை என 2015இல் முடிவானது. 2022க்குப் பின் இளநிலைத் தொழிற்படிப்புகளில் புதிய மாணவர்கள் சேர்க்கப்படுவதில்லை.

பாடங்கள்: உயிரியல், வேதியியல், இயற்பியல், உளவியல், உடற்கூறியல், உடலியங்கியல் ஆகியவற்றைக் கல்லூரி அளவில் படித்திருக்க வேண்டும். புள்ளியியல், ஊட்டச்சத்தியல், உயிர்விசையியல் ஆகியவற்றையும் பல பல்கலைக்கழகங்கள் கேட்கின்றன. இவை வெறும் சம்பிரதாயமல்ல. ஊன்றிய காலின் மேல் உடல் திரும்பும்போது முழங்காலின் முன் குறுக்குத் தசைநார் கிழிவதை விளங்கிக்கொள்ள உடற்கூறியலும் இயற்பியலும் வேண்டும். மாதக்கணக்கில் களமிறங்க முடியாத வீரரைத் தேற்ற உளவியல் வேண்டும்.

சேர்க்கை: இளநிலையில் உடலியக்கவியல் படித்தோர் மிகுதி என்றாலும், முன்தேவைப் பாடங்களை முடித்திருந்தால் பிற துறையினரும் விண்ணப்பிக்கலாம். மதிப்பெண் சராசரி, பரிந்துரைக் கடிதங்கள் ஆகியவற்றோடு, சான்றிதழ் பெற்ற நிபுணரின் பணியை நேரில் கவனித்த அனுபவத்தையும் பல கல்வி நிறுவனங்கள் பார்க்கின்றன. மூன்றாண்டு இளநிலையையும் ஈராண்டு முதுநிலையையும் இணைத்து ஐந்தாண்டில் முடிக்கும் வழியும் உண்டு. அறிவியல் பாடங்களை முதலாண்டிலேயே தொடங்குவது நல்லது.