உடலோடு ஓர் அடுப்பு: காஷ்மீரத்து ஏழையின் குளிர்காலக் கணக்கு

குளிர்நாட்டில் வீட்டைச் சூடாக்கும் வழிகளைப் பற்றிப் பேசும்போது 'எது மலிவு?' என்ற கேள்வியே முதலில் எழுகிறது. வாங்கும் விலை குறைவாக இருக்கலாம். மீதி விலையை யார், எதைக் கொண்டு செலுத்தினார்கள் என்பதையும் வரலாறு கேட்க வேண்டும். காஷ்மீரத்துக் காங்கிரி அக்கேள்விக்குத் தக்க சான்று.

ஸ்ரீநகர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,585 மீட்டர் உயரத்தில் உள்ளது. டிசம்பர் 21 முதல் நாற்பது நாள் நீளும் கடுங்குளிரை அங்கே 'சில்லை கலான்' என்பர். சில ஆண்டுகளில் அதற்கு முன்பே குளிர் இறுகிவிடும். 1934 டிசம்பர் 13 அன்று வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 12.8 டிகிரி வரை இறங்கியது.

இக்குளிரை எதிர்கொள்ளப் பள்ளத்தாக்கில் மூன்று வழிகள் இருந்தன. முதலாவது ஹமாம். கற்பலகைகள் பாவிய தளத்தின் அடியில் வெற்றிடம் விட்டு, அதில் விறகை எரிப்பார்கள். கல் சூடேறி, நெடுநேரம் அறையை வெதுவெதுப்பாக வைத்திருக்கும். இரண்டாவது புகாரி எனும், புகைபோக்கி பொருத்திய இரும்பு அடுப்பு. இவ்விரண்டும் ஓர் அறை முழுவதையும் சூடாக்குபவை. ஆகவே விறகை மிகுதியாக விழுங்குபவை.

மூன்றாவது காங்கிரி. மண்கலம் ஒன்று, அதைச் சுற்றிப் பிரம்புபோல் வளையும் மிலாறுகளால் பின்னிய கூடை, உள்ளே சாம்பல் மூடிய கரித்தணல், அவ்வளவே. இலையுதிர் காலத்தில் சினார் மரத்தின் சருகுகளைக் கூட்டி எரித்தே கரி சேர்த்துக்கொள்வார்கள். 'பெரன்' என்னும் தளர்ந்த நீள் அங்கிக்குள் காங்கிரியை வைத்துக்கொண்டால், வீடு குளிர்ந்து கிடந்தாலும் உடல் குளிராது. அறையைச் சூடாக்க வசதியற்றவன் தன் உடலை மட்டும் சூடாக்கிக்கொண்டான். நெருப்பைச் சுருக்கியதே அவனுடைய சிக்கனம்.

1865 ஏப்ரல் 29 அன்று, வரிச்சுமை தாளாமல் ஸ்ரீநகரின் சால்வை நெசவாளர்கள் ஊர்வலமாகச் சென்றனர். டோக்ரா அரசின் படை அவர்களைத் தாக்கியது. 28 பேர் இறந்தனர் என்பது வரலாற்று நூல்கள் தரும் கணக்கு. அவர்கள் நெய்த சால்வைகள் ஐரோப்பாவின் செல்வர்தம் தோள்களுக்கு வெதுவெதுப்பளித்தன. நெய்தவர்கள் வாழ்ந்த பள்ளத்தாக்கிலோ எளியவர்க்குக் கிட்டியது கரித்தணல்தான்.

அதற்கடுத்த மே மாதத்தில் வில்லியம் ஜாக்சன் எல்ம்ஸ்லி என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் அங்கே மருந்தகம் திறந்தார். நோயாளிகளின் தொடையிலும் அடிவயிற்றிலும் தோல்புற்று தோன்றுவதைக் கண்ட அவர், அதற்குக் காரணம் காங்கிரியே என 1866-இல் எழுதினார். ஒரே இடத்தில் ஆண்டுக்கணக்காகச் சூடு படும்போது தோலில் முதலில் வலைபோன்ற பழுப்புத் தழும்பு விழுகிறது. சிலருக்கு அதுவே பின்னாளில் புற்றாக மாறுகிறது. 1923-இல் எர்னஸ்ட் நெவ் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் இதே நோயைப் பற்றி எழுதினார். சூட்டுக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை உலக மருத்துவம் அறிந்துகொண்ட பாதைகளுள் காஷ்மீரத்து ஏழையின் தோலும் ஒன்று.

இங்கொரு முரண் உண்டு. ஐரோப்பியர் குளிர்காலத்தில் பள்ளத்தாக்கில் தங்குவதற்கு அக்காலத்து அரசு அனுமதிக்கவில்லை. எனவே குளிர் தொடங்குமுன் எல்ம்ஸ்லி வெளியேற வேண்டியிருந்தது. நோயைக் கண்டவர் போய்விடுவார். நோயாளியோ அந்தக் குளிரிலேயே இருப்பார். காங்கிரியைக் கைவிடச் சொல்வது எளிது. மாற்று என்ன என்பதற்கு அறிவுரையில் விடையில்லை.

ஆனால் அச்சமூகம் வேறொரு விடையையும் கண்டிருந்தது. தனி வீட்டில் ஹமாம் கட்டுவது செல்வர்க்கே இயலும். பள்ளிவாசல் ஹமாமோ பொதுவானது. பலர் தந்த விறகில் சூடேறிய ஒரே கல்தளத்தில், வீட்டில் விறகில்லாதவரும் அமர்ந்தனர். நெருப்பைச் சுருக்குவது ஒரு சிக்கனம். பகிர்வது மற்றொரு சிக்கனம். முன்னதற்கான விலையைத் தனிமனிதன் தன் தோலால் செலுத்தினான். பின்னதற்கான விலையை ஊர் விறகாகப் பங்கிட்டுக்கொண்டது.

இன்று மின்கம்பளமும் எரிவாயு அடுப்பும் வந்துவிட்டன. மின்சாரம் நின்ற இரவில் காங்கிரி மீண்டும் மடிக்கு வருகிறது. மலிவான வெப்பம் எது என்று கேட்பவர்கள், அதன் விலையை யாருடைய உடல் செலுத்துகிறது என்றும் கேட்கட்டும்.